ஒரு பாவு, மூன்று சேலை: நஸ்ரீனின் கோடும் சோனியாவின் நிறமும் தறியில் ஏறியபோது

சேலம் அம்மாபேட்டையில் ஒரு கைத்தறியில், 80-ஆம் நம்பர் பருத்தி நூலில் (நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு), ஒரே பாவில் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள்) மூன்று சேலை நெய்து இறக்கியிருக்கிறோம். வடிவமைப்பு என்னுடையது. நெசவு ஓர் அண்ணாவும் அவர் மனைவி அக்காவும். உடல் முழுக்க வெள்ளையில் கறுப்பு, சாம்பல் கோடுகள், இடைவெளி நெருங்கி நெருங்கி மறுபடி விரியும். முந்தியில் மட்டும் கட்டி கட்டியாக நிறம். பார்த்தவர்கள் எல்லாரும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது, எப்படி நெய்தீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் அவை இரண்டும் ஒன்றுதான்.

யோசனை நாலு பெண்களிடமிருந்து வந்தது. அருவ ஓவியம், அதாவது உருவம் எதையும் காட்டாமல் கோடும் நிறமும் வடிவமுமாகவே வரைவது, என்றால் உடனே ஆண்களின் பெயர்களைத்தான் சொல்லுவார்கள், ஆனால் துணி வேலை செய்கிற எனக்கு அந்தக் கலையின் கதவைத் திறந்துவிட்டவர்கள் பெண்கள், அதிலும் கையில் ஊசியோ நூலோ இருந்த பெண்கள்.

சோனியா டெலோனே 1911-ல் தன் கைக்குழந்தைக்கு ஒட்டுத்துணிகளை வைத்து ஒரு போர்வை தைத்தார். உக்ரைனில் பிறந்தவர், சின்ன வயதில் பார்த்த கிராமத்து ஒட்டுத்துணிகள் அவர் கையில் இருந்தன. தைத்து முடித்தபோது அந்தத் துண்டுகள் அன்றைய பாரிஸில் ஓவியர்கள் கித்தானில் தேடிக்கொண்டிருந்த கட்டங்களைப் போலவே நின்றன, அங்கிருந்துதான் அவருடைய அருவ ஓவியம் கிளம்பியது. 1913-லேயே அதே நிறக் கட்டங்களில் உடை தைத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனவர். 1964-ல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் முழுக் கண்காட்சி கண்டார், உயிரோடு இருக்கும்போதே அங்கே அப்படி ஒரு கண்காட்சி கண்ட முதல் பெண் அவர்தான்.

சோஃபி டாய்பர்-ஆர்ப், சுவிட்சர்லாந்துக்காரர், 1916 முதல் 1929 வரை சூரிச்சில் துணி வடிவமைப்புச் சொல்லிக்கொடுத்தவர். நேர்க்கோடு, கிடைக்கோடு, அவற்றுக்கு நடுவே செவ்வகங்கள், அவ்வளவுதான் அவருடைய ஆரம்பகால வேலை. பாவும் அதற்குக் குறுக்கே ஓடும் ஊடையும் தெரிந்த எவருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. 50 ஃபிராங்க் நோட்டில் 1995 முதல் பல ஆண்டு அவர் முகம் இருந்தது.

அன்னி ஆல்பர்ஸ் 1922-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தார். புதுமைப் பள்ளி என்று பேர், ஆனாலும் பெண்களைப் பெரும்பாலும் நெசவுக் கூடத்துக்குத்தான் அனுப்பினார்கள். இவரும் விருப்பமில்லாமல்தான் போனார். போனவர் தறியை விடவில்லை. 1949-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதல் துணி வடிவமைப்பாளர் ஆனார். 1965-ல் நெசவைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பழங்கால பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, தன் பெரிய ஆசிரியர்கள் என்று சொல்லிச் சமர்ப்பித்திருக்கிறார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

நாலாவது நம் ஊர்க்காரர், நஸ்ரீன் முகமதி. 1937-ல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, லண்டனிலும் பாரிஸிலும் படித்து, 1972 முதல் பரோடாவில் பாடம் நடத்தியவர். தாளில் பென்சிலும் மையும், கட்டட வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் கருவிகளும் மட்டும்தான். மெல்லிய கோடுகள், அவற்றின் நெருக்கம், விலகல். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பு இல்லை, தேதி இல்லை. கை, கால் அசைவு மெல்ல மெல்லக் கட்டுக்கடங்காமல் போகும் நரம்பு நோயோடு அந்தக் கோடுகளை அவ்வளவு துல்லியமாக இழுத்தார். 1990-ல் இறந்தார்.

ஹில்மா அஃப் கிளிண்டையும் சொல்லுங்கள் என்பீர்கள். ஸ்வீடனில் 1906-லேயே அருவ ஓவியம் தொடங்கியவர், அவருடைய மூன்று மீட்டருக்கு மேல் உயரமான படங்களைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு நின்றுபோகும். ஆனால் அவருடைய சுருள்களும் இதழ்களும் நான் எடுத்துக்கொண்ட தறியில் வராது. ஜக்கார்டு (துளை அட்டைகளால் இழைகளைத் தனித்தனியே தூக்கும் கருவி) போட்டு ஆயிரக்கணக்கில் அட்டை குத்தினால் வரும், அப்போது அது அவருடைய படத்தின் நகலாகத்தான் இருக்கும்.

நகல் என்ற விஷயத்தில் எனக்குக் கறாரான எண்ணம் உண்டு. இந்தப் பெண்களின் படத்தை எடுத்து டிஜிட்டல் பிரிண்டில் சேலை மேல் அடித்து விற்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மூன்று பேர் விஷயத்தில் சட்டமும் இடம் தராது. இந்தியாவில் ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு உரிமை இருக்கிறது, அதன்படி சோனியாவின் படங்களுக்கு 2039 முடியும் வரை, நஸ்ரீனுக்கு 2050 வரை, அன்னிக்கு 2054 வரை. சட்டத்தை விடுங்கள், அவர்கள் செய்த வேலைக்கே அது பொருந்தாது. தன் கையில் இருக்கும் பொருள் எதைச் செய்யவிடும், எதைச் செய்யவிடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் இவர்கள் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். நான் எடுத்துக்கொள்ள விரும்பியது அந்தப் பழக்கத்தை மட்டும். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எவருடைய படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையக் கூடாது. தறி, அச்சு, நூல், சாயம், இந்த நாலும் சொல்வதைக் கேட்டு வரைய வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

தறியில் ஏற்கெனவே 72-ஆம் நம்பர் அச்சு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) இருந்தது. அதாவது அங்குலத்துக்கு 36 சந்து (சீப்பின் பல்லிடுக்கு), ஒரு சந்துக்கு இரண்டு இழை, ஆக அங்குலத்துக்கு 72 இழை. 48 அங்குல அகலத்துக்கு 3456 இழை. மூன்று சேலைக்கு, ரவிக்கைத் துணி, பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைப்பதில் வீணாவது எல்லாம் சேர்த்து 21 மீட்டர் பாவு. 80-ஆம் நம்பரில் இதற்கு ஏறக்குறைய அரைக் கிலோ நூல், 840 கெஜ நூல் கட்டான சிட்டமாகக் கணக்கிட்டால் 95 சிட்டம். இவ்வளவு சின்னப் பாவுக்கு யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாவு ஓடுவதும், கஞ்சி போடுவதும், பிணைப்பதும் 21 மீட்டருக்கும் அதே பாடு, அதைவிடப் பல மடங்கு நீளத்துக்கும் ஏறக்குறைய அதே பாடு. அந்தக் கூலியை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொண்டேன். மாதிரி நெய்கிற வடிவமைப்பாளர்கள் இதில் பேரம் பேசக் கூடாது.

வரைவதற்குக் கணினியைத் தொடவில்லை. 48 அங்குலத்துக்கு ஒரு காகிதப் பட்டை ஒட்டி, நிஜ அளவிலேயே பென்சிலால் கோடு போட்டேன். திரையில் பார்த்தால் நெருக்கம் ஏமாற்றும், ஒரு சந்து என்பது 0.7 மில்லிமீட்டர்தான், அதைக் கண்ணால் அதே அளவில் பார்த்தால்தான் எங்கே கோடு மூச்சு வாங்குகிறது என்று தெரியும். நஸ்ரீனிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: கோடு முக்கியமில்லை, இரண்டு கோட்டுக்கு நடுவிலுள்ள வெற்று இடம் குறைந்துகொண்டே போகும் வேகம் முக்கியம். சீராகக் குறைத்தால் படிக்கட்டு ஆகிவிடும். என் பட்டையில் இடைவெளி 36 சந்தில் ஆரம்பித்து 30, 25, 21, 18, 15, 13, 11 என்று இறங்குகிறது, முதலில் வேகமாக, அப்புறம் தயங்கித் தயங்கி. ஒரு கரையோரம் நெருங்கியதும் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அப்புறம் வேறு வேகத்தில் மறுபடி.

நிறத்தால் மட்டும் கோடு போடாமல் இல்லாமையாலும் கோடு போட வேண்டும் என்று ஆசை. அச்சில் சில சந்துகளைக் காலியாக விட்டால் அந்த இடத்தில் ஊடை மட்டும் ஓடும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கண்ணாடிக் கோடு தெரியும். இதைச் சொன்னதும் அண்ணா தலையை ஆட்டினார்.

"சந்து விட்டா நூலு நிக்காதும்மா. தறியில நல்லாத்தான் இருக்கும், துவைச்சா ஓடிரும்."

சொன்னது முழுக்க நிஜம். பருத்தி இழை, அதிலும் இவ்வளவு மெல்லியது, தண்ணீர் பட்டதும் கஞ்சி இறங்கி, காலி இடத்தைப் பார்த்து நகரும். பழைய பாவின் கடைசி ஒரு முழத்தில் சோதித்தோம். ஒரு சந்து விட்டது துவைத்ததும் காணாமல் போனது. நாலு சந்து விட்டது இழை அலைந்து வளைந்து, கோடாகவே இல்லை. இரண்டு சந்து விட்டது மட்டும் ஓரளவுக்கு நின்றது. அதை இன்னும் உறுதியாக்க அண்ணாவே வழி சொன்னார்: காலிச் சந்தின் இரண்டு ஓரத்திலும் ஒற்றை இழைக்குப் பதிலாக இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலைப் போடு, ஊடை அதைச் சுற்றி வளைந்து பிடித்துக்கொள்ளும். அந்த முறுக்கு நூலையே கறுப்பில் போட்டேன். வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு ஒளி, ஒரு கறுப்பு, வெள்ளை. கோட்டுக்கு இரண்டு கரை கிடைத்தது. தாளில் எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. சந்து காலியாக விட்டால் இழை குறையும், விழுதில் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) இருக்கும் பழைய 3456 இழையோடு புதுப் பாவை ஒன்றுக்கு ஒன்று பிணைக்க முடியாது. அதனால் எங்கெல்லாம் இரண்டு சந்து விட்டோமோ, அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு சந்தில் இரண்டுக்குப் பதில் நாலு இழை திணித்தோம். ஒட்டிப் பக்கத்திலேயே திணித்தால் அந்த நெருக்கமே இழையைக் காலிச் சந்துக்குள் தள்ளிவிடும், அதனால்தான் தள்ளி. கணக்கு நேர், கூடவே திணித்த இடமும் ஒரு மெல்லிய திடமான வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. நெருக்கமான இழை கொஞ்சம் அதிகமாகச் சுருங்கி இழுக்கும் என்பது உண்மை, ஆனால் இடங்கள் சிலதான், 21 மீட்டருக்குள் தொந்தரவு வரவில்லை. நீண்ட பாவு போடுகிறவர்கள் அந்த இழைகளைத் தனி உருளையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

விழுதில் பிணைப்பு அப்படியே இருந்தாலும் அச்சில் மட்டும் உருவி மறுபடி கோக்க வேண்டியிருந்தது. இதைச் செய்தது அக்கா. ஒருவர் பின்னாலிருந்து இழை எடுத்துக் கொடுக்க, அவர் முன்னாலிருந்து கொக்கியால் இழுத்துச் சந்தில் விட்டுக்கொண்டே வருவார். நான் பட்டையைப் பார்த்துக் "காலி, காலி, நாலு" என்று வாசித்தேன். பாதி அகலம் வந்தபோது எனக்கு முன்னாலேயே அவர் அடுத்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கோட்டின் வேகம் அவருக்குக் கையில் பிடிபட்டுவிட்டது. ஒரு இடத்தில் "இங்க பதிமூணு வேண்டாங்க, பதினாலு விடலாம், பாக்க நல்லாருக்கும்" என்றார். விட்டோம். சேலையின் வலது பாதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். சேலையோடு போகும் சீட்டில் மூன்று பேர் பெயரும் இருக்கிறது, அகர வரிசையில்.

இப்போது நிறம். சாயம் வாட் சாயம்தான், காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுச் செய்வது, கொஞ்சம் விலை, ஆனால் வெள்ளைப் பாவின் நடுவே கறுப்பும் சிவப்பும் போகிற துணிக்கு வேறு எதையும் நம்ப மாட்டேன். சாயமான சிட்டத்திலிருந்து ஒரு முழ நூலை வெள்ளை நூலோடு பின்னிச் சூடான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகவே வர வேண்டும். அதற்கு முன்னால் பாவு ஓடக் கூடாது.

முந்திக்கு ஆறு நிறம் எடுத்தேன்: மிளகாய்ச் சிவப்பு, ஆரஞ்சு, கடும் பச்சை, கருநீலம், கடுகு மஞ்சள், கறுப்பு. அட்டைத் துண்டுகளில் நூலைச் சுற்றிச் சுற்றி, எது எதற்குப் பக்கத்தில் என்று மாற்றிப் பார்த்தோம், டியூப் லைட்டில் இல்லை, சேர்வராயன் மலை தெரியும் மொட்டை மாடியில், பகலில். அட்டை ஒன்றைப் பார்த்து அக்கா, கறுப்பு வெளுத்துவிட்டது, சாயக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அது கருநீலத்துக்குப் பக்கத்தில் சுற்றிய கறுப்பு.

இதே புகார் பாரிஸில் கோபெலாங் என்ற அரசுத் திரைச்சீலைக் கூடத்தில் 1820-களில் வந்திருக்கிறது. அங்கே சாயப் பகுதிக்குத் தலைவராக வந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூலில் வலு இல்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிகிறது என்று கண்டுபிடித்தார். பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிவிடும் என்ற அந்த விதியை 1839-ல் பெரிய நூலாக வெளியிட்டார். அதைத்தான் பின்னால் சோனியாவும் அவர் கணவர் ராபர்ட்டும் பிடித்துக்கொண்டார்கள், அந்த விதியின் பெயரில் வரும் 'ஒரே நேரத்தில்' (simultaneous) என்ற சொல்லையே தங்கள் கலைக்கும் பெயராக வைத்தார்கள். ஆக, சோனியாவின் நிறக் கொண்டாட்டத்துக்கு வேர் ஒரு சாயப்பட்டறைப் புகார். அக்காவிடம் இந்தக் கதையைச் சொல்லி, அதே கறுப்பை மஞ்சளுக்குப் பக்கத்தில் சுற்றிக் காட்டினேன், கறுப்பு நிமிர்ந்துவிட்டது. அதன்பிறகு வரிசையை அவர்தான் முடிவு செய்தார். கறுப்பும் நீலமும் முந்தியில் எங்கேயும் தொட்டுக்கொள்வதில்லை.

ஆனால் அட்டையில் சுற்றிய நிறம் தறியில் வராது, இதைப் புதிதாக வருகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் நிறம் மட்டும் இருக்கிறது, தறியில் வெள்ளைப் பாவு குறுக்கே போகிறது. சாதா நெசவில் ஊடை ஒன்று விட்டு ஒன்று பாவுக்கு அடியில் போய்விடும், சிவப்பு ரோஸ் ஆகும், பச்சை பிஸ்தா ஆகும். சோனியாவின் நிறத்தை அப்படி வெளுக்க விட எனக்கு மனமில்லை. வழி, முந்தியில் நெசவை மாற்றுவது. உடலின் இழைகள் நாலு விழுதுப் பலகையில் வரிசையாக ஏறியிருந்தன, மேலே டாபி (எந்தப் பலகை எப்போது தூக்க வேண்டும் என்பதை ஆணிகளால் தீர்மானிக்கும் கருவி) இருந்தது. முந்திக்கு ஒரு நேரத்தில் ஒரு பலகை மட்டும் தூக்கும்படி டாபியில் ஆணியை மாற்றிக் குத்தினோம். இப்போது ஊடை மூன்று இழைக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே. மேல்பக்கம் முக்கால்வாசி நிறம்தான். ஊடைக்கு இரண்டு இழை சேர்த்துத் தார் (நாடாவுக்குள் போகும் நூல் குழல்) சுற்றி, சாதாவில் அங்குலத்துக்கு 64 ஊடை போகும் இடத்தில் இதில் 88 வரை அடித்தோம். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

கரையோ தனிப் பலகைகளில் சாதா நெசவு. சாதா அதிகமாகச் சுருங்கும், முந்தியில் போட்ட இந்தச் சரிவு நெசவு குறைவாகச் சுருங்கும், ஒரு மீட்டருக்கு இப்படியே போனால் கரை விறைத்து நடுத் துணி தொய்யும். அண்ணா நாலு விரல் அகலத்துக்கு மேல் ஒரே நிறத்தை விட மாட்டேன் என்றார், அதற்கு மேல் போனால் நடுவே சாதாவில் கொஞ்சம் வெள்ளை நெய்ய வேண்டும். முந்தியின் அமைப்பே அங்கே முடிவானது. நிறக் கட்டு, மெல்லிய வெள்ளை, நிறக் கட்டு, கொஞ்சம் பெரிய வெள்ளை. உடலிலிருந்து வரும் கறுப்புக் கோடுகள் அந்தக் கட்டுகளைக் குறுக்கே வெட்டும்போது நிறம் செவ்வகங்களாகப் பிரிகிறது. சோஃபியின் செவ்வகங்கள் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன், ஆனால் அவற்றை நான் வரையவில்லை. பாவும் ஊடையும் சுருங்கும் கணக்கு வரைந்தது.

நஸ்ரீனிடம் இருந்து ஒன்றை மட்டும் கொண்டுவர முடியாது என்று நினைத்திருந்தேன், சாய்கோடு. அவருடைய பிற்காலப் படங்களில் கோடு சாய்ந்து, தாளை விட்டே பறந்துபோகும். நேர் பாவில், சாதா நெசவில், உடல் முழுக்கச் சாய்கோடு கிடையாது. முதல் சேலை துவைத்துக் காய்ந்ததும் அக்காவைக் கட்டச் சொன்னேன். பாவுக் கோடுகள் சேலையின் நீளவாக்கில் போகின்றன, அதனால் இடுப்பைச் சுற்றிக் கிடையாக ஓடின. கொசுவத்தில் மடிந்து உடைந்தன. முதுகில் முந்தி தொங்கும் இடத்தில் நேராக இறங்கின. இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும் அந்த ஒரு வீச்சில் எல்லாக் கோடும் சேர்ந்து சாய்ந்து, நெருங்கி, மேலே போனது. நான் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையை மேசையில் விரித்து வைத்து வடிவமைக்கிற பழக்கத்தை இனி விட்டுவிடப் போகிறேன். காகிதப் பட்டையைத் தோளில் போட்டுப் பார்த்துத்தான் கோடு போடுவேன்.

நெய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். கஞ்சி மெல்லிசாக, இரண்டு தடவை. ஒற்றை இழை 80-ஆம் நம்பர் கஞ்சி இல்லாமல் அச்சில் உரசி அறுந்துகொண்டே இருக்கும், ஒரே தடவையில் கெட்டியாகப் போட்டாலோ காலிச் சந்துக் கோடுகள் தறியில் பொய்யாக அழகாகத் தெரியும். முதல் துவைப்பு நீங்களே துவைத்துவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும், வாங்குகிறவர் பார்க்கும் கோடு துவைத்தபிறகும் நிற்கும் கோடாக இருக்க வேண்டும்.

அடுத்தது அன்னி ஆல்பர்ஸ் பக்கம் போகிறேன். அவர் 1920-களில் செய்த இரட்டைத் துணி, ஒரே தறியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, நிறங்கள் இடம் மாறி மேலும் கீழும் போய்வரும். சேலை நூலில் அது சரிவராது, 72 இழை இரண்டாகப் பிரிந்தால் அடுக்குக்கு 36தான், சல்லடையாகிவிடும். அதனால் இரட்டை முறுக்கு 20-ஆம் நம்பர் நூலில் போர்வையாகப் போடலாம் என்று திட்டம். கட்டம் கட்டமாக அடுக்கு மாற எட்டுப் பலகை வேண்டும், அகலம் 60 அங்குலமாவது வேண்டும். அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் அப்படி டாபி போட்ட போர்வைத் தறி ஓடிக்கொண்டிருந்தால் சொல்லுங்கள். ஆடி மாதம் பிறப்பதற்குள் பாவு ஓடிவிட நினைக்கிறேன், கூலி பாவுக்குத் தனி, மாதிரி நெசவுக்குத் தனி, நாள் கணக்கில்.